42.8: ஒரு விந்தை எண்ணின் வரலாறு

திருநள்ளாற்றுக்குச் சென்றிருக்கிறீர்களா? நளன் சனியின் பிடியிலிருந்து விடுபட்ட தலம் என்று புராணம் கூறும் ஊர் அது. அந்த நளன் சமையற்கலையிலும் வல்லவன். 'நளபாகம்' என்று புகழ்கிறோமே, அதன் இரகசியம் என்ன? எதை எவ்வளவு சேர்ப்பது என்னும் அளவறிவே அன்றோ!

அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே சென்றால் காரைக்கால். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. சுற்றிலுமுள்ள சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. எல்லைக்கு இப்பால் மது விற்பனை தொடர்ந்தது. உணவகத்தோடு சேர்ந்த 'பார்'களை இன்றும் அந்நகரில் காணலாம்.

அங்கும் அளவுதான் முக்கியம். மதுவோடு பழரசம், சோடா முதலியவற்றைக் கலந்து 'காக்டெயில்' தயாரிக்கிறார்கள். அலமாரியில் உள்ள நம் நாட்டுப் பிராந்தி, ரம் புட்டிகள் பலவற்றின்மேல் '42.8 சதவீதம்' என்று அச்சிட்டிருக்கும். 40 அன்று, 45-உம் அன்று, அதென்ன 42.8?

விடை காண நாம் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். சாராயத்துக்கு வரி விதிக்க, அதில் எவ்வளவு ஆல்கஹால் உள்ளது என்று அறிய வேண்டுமல்லவா? வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீ வைப்பது பழைய சோதனை என்பர். மருந்து பற்றிக்கொண்டால் சாராயம் 'புரூஃப்', அதாவது மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர், 1816-இல் சைக்ஸ் என்பவரின் திரவமானியை அரசு ஏற்றது. பால்மானியைப் போன்றதே அது. ஆல்கஹால் நீரைவிட இலேசானது; ஆகவே ஆல்கஹால் மிகுந்த திரவத்தில் கருவி அதிகமாக அமிழும். ஆர்க்கிமிடீஸ் தத்துவமே இதன் அடிப்படை.

இம்முறையில் 100 டிகிரி புரூஃப் என்பது கன அளவில் ஏறத்தாழ 57.1 சதவீத ஆல்கஹால். பிரிட்டிஷ் இந்தியாவிலும் இவ்வளவையே வழங்கியது. இப்போது 75 டிகிரி புரூஃபைக் கணக்கிடுங்கள்: 57.1-இல் முக்கால் பங்கு 42.8! சதவீத அளவை வந்த பின்னரும் பழைய அளவின் தடம் மறையவில்லை.

பிரான்சின் வழி வேறு. இயற்பியலறிஞர் கே-லூசாக் 1824-இல் நூறு பாகங்களாகப் பகுத்த ஆல்கஹால்மானியை விளக்கி எழுதினார். அவர் முறையில் 50 டிகிரி என்றால் 50 சதவீதம். இது எளிதெனத் தோன்றினாலும் கருவியில் கோடிடுவது எளிதன்று. 50 மில்லி நீருடன் 50 மில்லி ஆல்கஹாலைச் சேர்த்தால் கலவை 100 மில்லி இராது. ஏறத்தாழ 97 மில்லியே இருக்கும்! மூலக்கூறுகள் நெருங்கி அமைவதே காரணம். எனவே ஒவ்வொரு கலவையையும் அளந்து அட்டவணை வகுக்க வேண்டியதாயிற்று.

இனி, காக்டெயிலைக் கவனியுங்கள். 42.8 சதவீத மது 60 மில்லியில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் உண்டு. பழரசம் சேர்த்து 200 மில்லி ஆக்கினால் செறிவு 13 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஆனால் உடலுக்குள் செல்வது அதே 20 கிராம்தான். இனிப்பு, நாவைத்தான் ஏமாற்றும், ஈரலை ஏமாற்றாது.

திரவமானியையும் ஏமாற்றக்கூடிய பொருள் ஒன்று உண்டு. எதில் ஆல்கஹாலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.789 கிராம்; மெதில் ஆல்கஹாலினுடையது 0.791. இரண்டும் நிறமற்றவை. இரண்டிலும் திரவமானி ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கும். ஆனால் மெதில் ஆல்கஹால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் குடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது இந்நஞ்சு கலந்த கள்ளச்சாராயமே. இதை இனங்காண ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். முகர்ந்தோ சுவைத்தோ அறிய இயலாது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தோன்றலாம். குடித்தவருக்குப் பார்வை மங்கினால், 'போதை தெளியட்டும்' என்று காத்திராமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மாற்று மருந்து உண்டு.

எந்த அளவுகோலும் தான் கேட்கும் கேள்விக்கே விடை தரும். திரவமானி 'எவ்வளவு' என்று கூறும். 'எது' என்று கூறாது. அறிவியல் பயில்வோர் மறக்கலாகாத பாடம் இது.