நீட் மதிப்பெண்ணை உயர்த்துவது பயிற்சியா, கூடுதல் ஓராண்டா?

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2019இல் சேர்ந்த 3,081 பேரில் பயிற்சி மையத்துக்குப் போகாதவர்கள் 48 பேர் மட்டுமே என்ற விவரம் அவ்வாண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் வெளிவந்தது. கோச்சிங் இல்லாமல் நீட் இல்லை என்பதற்கு இன்றுவரை இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் இது வென்றவர்களின் கணக்கு. அதே மையங்களில் பணம் கட்டிப் படித்தும் இடம் கிடைக்காமல் போனவர்கள் இதில் இல்லை. ஒத்த திறனும் ஒத்த குடும்பச் சூழலும் உள்ளவர்களில், பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் பயிற்சியின் பயன் தெரியும்.

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் அவ்வாறு பார்த்திருக்கிறார்கள். 1999இல் வெளியான பவர்ஸ், ராக் இருவரின் ஆய்வும், அடுத்த பத்தாண்டில் டெரக் பிரிக்ஸ் செய்த ஆய்வுகளும் கிட்டத்தட்ட ஒரே முடிவைத் தந்தன: மொழியும் கணிதமும் சேர்ந்த 1,600 மதிப்பெண்ணில் பயிற்சியால் கூடுவது 30 அளவில்தான். விளம்பரங்கள் சொன்னதோ நூற்றுக்கும் மேல். இரண்டாம் முறை எழுதினாலே பலருக்கு மதிப்பெண் சற்று ஏறும். அதையும் நிறுவனங்கள் தங்கள் வரவில் எழுதிக்கொண்டன.

இந்த முடிவை நீட்டுக்கு அப்படியே பொருத்துவது தவறு. அங்கே பயிற்சி என்பது பெரும்பாலும் பள்ளிப் படிப்பின் ஊடே சில வாரங்கள். இங்கே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை வேறெங்கும் சேராமல் ஓராண்டு முழுக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும் படிக்கிறது. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, மருத்துவப் படிப்பில் சேர்ந்தோரில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இந்த ஓராண்டே என்பது என் வாதம்.

தேர்வு உத்தி என்று தனியே பிரித்தால் மிஞ்சுவது சொற்பம். சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1, விடைகள் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் வரும். இரண்டு விடைகளை உறுதியாக விலக்கிவிட்டால் ஒன்றரை. எதை விடுவது, எதை ஊகிப்பது என்ற இந்தக் கணக்கை எந்த அரசுப் பள்ளி ஆசிரியரும் ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சொல்லிக்கொடுக்க முடியாதது அந்த ஓராண்டு. கூலிக்குப் போகும் வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளையைச் சம்பாத்தியம் இல்லாமல் உட்கார வைத்துச் சோறு போடுவது எளிதல்ல. அரசுப் பள்ளி மாணவருக்கென 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மிகத் தேவையான சட்டம். ஆயினும் அதற்குள்ளும் ஓராண்டு காத்திருக்க வசதி உள்ளவரே முந்துவதற்கு வாய்ப்பு அதிகம். வார இறுதி இலவச வகுப்புகளால் இந்த இடைவெளி அடைபடாது. இரண்டாம் முறை எழுத விரும்பும் அரசுப் பள்ளி மாணவருக்கு விடுதி, உணவு, உதவித்தொகையுடன் முழு ஓராண்டுப் படிப்பை அரசே தர வேண்டும். முதல்முறை எழுதியோர், மறுமுறை எழுதியோர் மதிப்பெண்களைப் பள்ளி வகைவாரியாகப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டும்.