முத்துக்கரையின் வணிகமும் மகளின் பங்கும்



2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரித்தானியாவும் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறால் உள்ளிட்ட கடலுணவுகள் மீதான சுங்க வரியை நீக்கப் பிரித்தானியா இணங்கியதால், தூத்துக்குடியின் ஏற்றுமதியாளர்கள் அச்செய்தியை ஆவலுடன் படித்தனர். ஆனால் அவ்வொப்பந்தத்தில் வர்த்தகத்தையும் பாலினச் சமத்துவத்தையும் பற்றித் தனி அத்தியாயம் ஒன்று இருப்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். கப்பலில் ஏறும் சரக்கிற்கும் பெண்ணின் உரிமைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். அதற்கு விடை தேட இலண்டன் வரை செல்ல வேண்டியதில்லை. நம் முத்துக்கரையின் வரலாறே விடை சொல்லும்.

பங்கு பிரித்த கரை

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று குறிப்பிடுகிறது. முத்து உரோம் வரை சென்றது. அதை மூச்சடக்கி எடுத்தவனுக்கோ அதில் உரிமை இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் கிடைத்ததைப் பங்கிட்ட முறையை எழுதி வைத்துள்ளார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. கொடிய மீன்கள் தாக்காதபடி மந்திரம் ஓதியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அக்காலத்தில் காயல், ஹோர்முஸ், ஏதன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய பெருந்துறைமுகம். பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைமுகங்களை நிர்வகித்தவர் தக்யுத்தீன் அப்துர் ரஹ்மான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை வணிகத்தில் பேர்பெற்ற ஜமாலுத்தீன் இவருடைய சகோதரர்.

1530களில் போர்த்துக்கீசியர் முத்துத்துறையைத் தம் ஆதிக்கத்தில் கொண்டுவந்தனர். அவர்களின் அனுமதிச் சீட்டு இல்லாத மரக்கலம் கடலில் அச்சமின்றிச் செல்ல இயலவில்லை. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கரையில் நடந்த முத்துக்குளிப்பில், கிடைத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்து சென்ற நம் குளியாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் எஞ்சிய ஒரு பங்கே கிடைத்தது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. வணிக விதியை வகுத்தவன் எவனோ, பங்கைத் தீர்மானித்தவனும் அவனே. போலோ எழுதிய பட்டியலில் அரசன் உண்டு, மந்திரம் ஓதியவர் உண்டு, வணிகர் உண்டு, பெண் இல்லை.

கடலுக்குச் சென்ற ஆண், வீட்டை ஆண்ட பெண்

ஆயினும் வணிகம் பெண்ணைத் தொடாமல் விட்டுவிடவில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பதை நாம் அறிவோம். திருமணத்திற்குப் பின் மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்கிறார். கொழும்பு, கல்கத்தா, பர்மா, ஹாங்காங் என்று ஆண்கள் பொருள் தேடிச் சென்றபோது, பெண் தன் உம்மாவின் அரவணைப்பில், தன் பெயரில் உள்ள வீட்டில் பிள்ளைகளை வளர்த்தாள். அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் கடல் கடந்து சென்றன, வந்தன. அனுப்பிய பணத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு, கொடுக்கல் வாங்கல் கணக்கைப் பார்த்தவர்கள் வீட்டுப் பெண்களே.

கணவர் மரணித்தாலும், மணவிலக்கு நேர்ந்தாலும், அவளை வீட்டை விட்டு வெளியேற்ற எவராலும் இயலாது. தமிழகத்தின் பல சமூகங்களில் விதவை கூரைக்காக உறவினரின் தயவை எதிர்நோக்கிய காலத்தில் நம் ஊர்ப் பெண்ணுக்கு இது பெரும் பாதுகாப்பாக விளங்கியது.

மார்க்கம் முன்பே வகுத்த நெறி

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் செல்வமிக்க வணிகர். தம் சரக்கை ஷாம் நாட்டிற்குக் கொண்டு செல்லும் பொறுப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்தவர்கள். அது எல்லை கடந்த வணிகம்; முதலுக்கு உரியவர் ஒரு பெண். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைத்தொழிலால் ஈட்டியதைத் தர்மம் செய்தார்கள்.

சூரத்துந் நிஸாவின் ஏழாம் வசனம், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு உள்ளதைப் போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்றும், அச்சொத்து குறைவாயினும் அதிகமாயினும் அப்பங்கு கடமையாக்கப்பட்டது என்றும் அறிவிக்கிறது. அதே அத்தியாயத்தின் 32ஆம் வசனம் பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது என்பதை உறுதிப்படுத்துகிறது. மனைவியின் பொருளில் கணவனுக்கு அதிகாரம் இல்லை. இன்று ஒப்பந்தத்தில் சமத்துவ அத்தியாயம் எழுதும் இங்கிலாந்தில், மணமான பெண் தன் பெயரில் முழு உரிமையுடன் சொத்து வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. அந்தப் பங்கு நம் வீடுகளில் உரியவளின் கைக்கு வந்து சேர்கிறதா என்பதே கேள்வி.

வீடு கொடுத்தால் கடமை தீருமா?

வாப்பா மரணித்த பின் கடையின் கணக்கு விரிக்கப்படுகிறது. சரக்கு, முதலீடு, வரவேண்டிய பணம் யாவும் ஆண்மக்களிடையே பிரிகின்றன. மகள் கேட்டால், 'உனக்குத்தான் வீடு கொடுத்தாயிற்றே' என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. பல குடும்பங்களில் அவள் கேட்பதே இல்லை.

மார்க்கச் சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு. தந்தை வாழும்போது கொடுத்து ஒப்படைத்த வீடு அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் மரணித்த பிறகே பிறக்கிறது. கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றிய பின் எஞ்சும் ஒவ்வொரு பொருளிலும் அது உண்டு. மகனின் பங்கு மகளின் பங்கைப் போல் இரு மடங்கு; குடும்பத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் அவன் மீது உள்ளது. ஆனால் இரண்டில் ஒன்று என்பது ஒன்றுமில்லை என்றாகிவிடக் கூடாது. தன் பங்கின் அளவை அறிந்து, மனமுவந்து அவள் விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை. வெட்கத்தால் வாய்மூடி இருப்பது சம்மதம் ஆகாது.

மகளுக்கு மட்டும் வீடு கொடுப்பது ஆண்மக்களுக்கு அநீதி ஆகாதா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கியபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவி, அதைத் திரும்பப் பெறச் செய்தார்கள். ஆகவே நீதி கொடுக்கும்போதே பேணப்பட வேண்டும்; வாழும் நாளிலேயே ஆண்மக்களுக்கும் உரியதை வழங்கலாம். மகளின் வாரிசுரிமையை அழித்து அதை ஈடுசெய்ய வழியில்லை.

வீடு, தந்தை விரும்பி அளிக்கும் கொடையாக இருக்கும் வரை அழகானது. மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனையாகக் கேட்கத் தொடங்கினால் அது வரதட்சணை. மார்க்கம் கடமையாக்கியது ஆண் கொடுக்க வேண்டிய மஹரை மட்டுமே.

இன்றைய துறைமுகம்

1961க்குப் பின் தூத்துக்குடியில் பெரும் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இப்போது இக்கரையின் சரக்கு இறாலும் மீனும் உப்பும். இறால் உரித்துத் தரம் பிரிப்பவர்களும் உப்பளத்தில் உழைப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரை வரி விதித்தபோது, இறால் ஏற்றுமதியே முதலில் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. கடலுக்கு அப்பால் போடும் ஒரு கையெழுத்து இங்கே ஒரு தாயின் நாட்கூலியைத் தொடுகிறது.

இதை உணர்ந்தே, 2017 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸில் உலக வர்த்தக அமைப்பு கூடியபோது, 118 நாடுகளும் நிலப்பகுதிகளும் பெண்களின் பொருளாதார வலிமைக்கான பிரகடனத்தை ஆதரித்தன. பாலினச் சமத்துவம் வர்த்தக அமைப்பில் பேச வேண்டிய பொருள் அன்று என்று கருதிய இந்தியா அன்று அதில் சேரவில்லை. எட்டாண்டுகளுக்குள் பிரித்தானியாவுடனான ஒப்பந்தத்தில் அதற்கென ஓர் அத்தியாயத்தையே ஏற்றது. இது நல்ல மாற்றம். ஆயினும் உலகெங்கும் இத்தகைய அத்தியாயங்கள் பெரும்பாலும் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுபவை. மீறினால் வழக்காடும் வலிமை அவற்றுக்கு இல்லை.

அரசுகள் எழுதுவது ஏட்டில் தங்கலாம். நம் வீட்டில் செய்ய வேண்டியதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. வெளிநாட்டிற்குச் சரக்கு அனுப்ப விரும்புபவர் நிரந்தரக் கணக்கு எண்ணும் வங்கிக் கணக்கும் கொண்டு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணைப் பெற வேண்டும். தைப்பவளும் ஓலை முடைபவளும் நம் மகளாக இருக்க, அந்தப் பதிவுகள் யாவும் தந்தை அல்லது கணவன் பெயரில் இருப்பது ஏன்? அருகிலுள்ள மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவாக இணைந்து பனையோலைப் பொருள்கள் முடைந்து விற்கின்றனர். நம் ஊர்களிலும் இது இயலாத காரியம் அன்று.

எனவே குடும்பத் தலைவர்களே, உங்கள் சொத்துகளையும் கடன்களையும் எழுதி வையுங்கள். கடையின் கணக்கை மகளும் அறியட்டும். சகோதரர்களே, பாகப்பிரிவினை நாளில் உங்கள் சகோதரியையும் அழைத்து, அவள் பங்கு எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள். சகோதரிகளே, உரிமையைக் கேட்பது உறவைப் பகைப்பது ஆகாது. அல்லாஹ் விதித்த பங்கையே நீங்கள் கேட்கிறீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் வணிகத்தில் பரக்கத்தையும், பங்கிடுவதில் நீதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.