பேய்க்கரும்பின் பங்கு: கோயம்புத்தூர்க் கரும்பும் குரோமோசோம் கணக்கும்

கரும்பு பயிரிடும் உழவர்களில் பெரும்பாலோர் கரும்பு விதையைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு மூன்று பரு இருக்கும்படி தண்டை வெட்டிக் கரணையாக நடுகிறார்கள். அறுவடைக்குப் பின் அடிக்கட்டை தழைத்தால் அது மறுதாம்பு. விதைக்கரும்பு என்று ஊரில் சொல்வதும் கரணைக்காக வெட்டும் கரும்பைத்தான். உயிரியல் கண்ணோடு பார்த்தால், ஒரு வயல் கரும்பு என்பது ஒரே செடியின் பல்லாயிரம் படிகள். ஒரு செடியால் தாங்க முடியாத நோய் வந்தால் வயலே சாயும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படித்தான் நடந்தது. ஜாவாவின் தோட்டங்களை செரே நோய் அழித்தது. கோதாவரிப் படுகையைச் செவ்வழுகல் தாக்கியது. கரும்பைப் பிளந்தால் உள்ளே செம்பட்டைகளும் குறுக்கே வெண்திட்டுகளும் தெரியும். புளித்த வாடை அடிக்கும். அதற்குக் காரணமான பூஞ்சையை ஆய்வாளர் வென்ட் 1893இல் ஜாவாவில் விவரித்தார். சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக 1898இல் வந்த சி.ஏ. பார்பர் முன் நின்ற முதல் பெரிய சிக்கலும் இதுவே. நோய் தாங்கும் புதுக் கரும்பு வேண்டும் என்றால் கரணையால் பயனில்லை, விதை வேண்டும். கரும்பு விதை முளைக்கும் என்பதை 1888 வாக்கில் ஜாவாவில் சோல்ட்வெடலும் பார்படோசில் ஹாரிசன், போவெல் இருவரும் தனித்தனியே காட்டியிருந்தார்கள். அதுவரை கரும்பு மலடு என்ற எண்ணமே பரவலாக இருந்தது.

எண்ணம் நிலைத்ததில் வியப்பில்லை. வெள்ளிநிறக் கதிரை உதிர்த்தால் கையில் வருவது பஞ்சு. அதற்குள் கிடக்கும் விதையின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். தட்டில் தூவினால் சில நாளில் மயிரிழைப் புல்லாக எழும். கரும்பு என்று யாரும் நம்பமாட்டார்கள். அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்காது. வட இந்தியாவில் கரும்பு பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. கோயம்புத்தூரில் பகற்பொழுதின் அளவும் ஈரமும் வாய்ப்பாக அமைந்து கரும்பு பூத்து விதை கட்டியது. 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே தொடங்கியதற்கு இதுவே காரணம். பார்பர் தலைமை ஏற்க, தி.சா. வெங்கட்ராமன் அவருக்குத் துணையாகச் சேர்ந்தார்.

அவர்கள் தேர்ந்த இணை விசித்திரமானது. தாய், 'வெள்ளை' என்ற பருத்த, சாறு மிகுந்த கரும்பு. சக்காரம் அஃபிசினாரம் எனும் சீனிக்கரும்பு இனம். தந்தை, ஓடைக்கரையில் தானே முளைத்துக் கிடந்த சக்காரம் ஸ்பான்டேனியம். தமிழில் நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் பெயர் பெற்ற புல் அது. தண்டு விரல் பருமன்கூடத் தேறாது, சர்க்கரையும் பேருக்குத்தான். பட்டினத்தார் கதையில் திருவொற்றியூரில் பேய்க்கரும்பு இனித்தது அற்புதமாகச் சொல்லப்படுகிறது என்றால், மற்ற இடங்களில் அது இனிக்காது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் வறட்சி, வெள்ளம், குளிர் எதற்கும் அசையாத செடி.

கரும்பின் பூ மிகச் சிறியது. தாய் தன் மகரந்தத்தாலேயே கருவுறாதிருக்க, கதிரில் ஆயிரக்கணக்கில் உள்ள பூக்களின் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுவது நடவாத காரியம். எனவே மகரந்தம் வீரியமற்ற கரும்பையே தாயாகத் தேர்வார்கள். அயோடின் ஒரு சொட்டு போதும்: மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாகும், பதர் நிறமேறாமல் நிற்கும். இப்படிப் பிறந்த நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 205, 1918இல் வெளியிடப்பட்டது. 'கோ' என்பது கோயம்புத்தூர். பஞ்சாபில் அது உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது. ஜாவாவில் இதே இரண்டு இனங்களின் இயற்கைக் கலப்பான காசூர் முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் பேய்க்கரும்போடு திட்டமிட்டுக் கலந்து உழவர் கைக்கு வந்த முதல் ரகம் கோ 205.

இந்த வெற்றியை மெண்டலியத்தின் வெற்றியாகச் சொல்வது பாடநூல் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் கண்டறியப்பட்டன. பார்பருக்கு அவை தெரியும். ஆனால் கோ 205 பிறந்தபோது அதன் செல்லுக்குள் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. செயல் முந்தியது, விளக்கம் பின்னால் வந்தது. வந்த விளக்கமும் மெண்டலின் பட்டாணிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

விளக்கத்தைத் தொடங்கியவர் ஜாவாவில் பணியாற்றிய டச்சு ஆய்வாளர் பிரேமர். கல்லூரி ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கிப் பார்த்தவர்களுக்கு 16 குரோமோசோம்களை எண்ணுவதே எவ்வளவு தொல்லை என்று நினைவிருக்கும். கரும்பில் அவை நூற்றுக்கு மேல் போகும்; அளவிலோ வெங்காயத்தினுடையதைவிட மிகச் சிறியவை. வேர்நுனியை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக அறுத்து, சாயமேற்றி, புள்ளி புள்ளியாக வரைந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணியதில் அஃபிசினாரத்துக்கு 80, ஜாவாப் பேய்க்கரும்புக்கு 112 என்று வந்தது. இரண்டும் பாதி பாதி தந்தால் பிள்ளைக்கு 40உம் 56உம் சேர்ந்து 96 இருக்க வேண்டும். காசூரில் இருந்ததோ 136. தந்தை தன் பாதியான 56ஐத் தந்திருக்கிறது; தாய் பாதியாகப் பிரிக்காமல் 80ஐயும் கொடுத்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பேய்க்கரும்புக்கு 64 குரோமோசோம். கோ 205க்கு 80உம் 32உம் சேர்ந்து 112. அதே விதிமீறல்.

இந்த விதிமீறல்தான் கரும்பு வளர்ப்போருக்குக் கிடைத்த புதையல். தாயின் சர்க்கரை வளம் முழுதாக நிற்க, தந்தையின் முரட்டுத்தனம் ஓர் ஓரமாக வந்து சேர்கிறது. பிள்ளையை மீண்டும் சீனிக்கரும்போடு கலந்தால் காட்டுப் பங்கு மேலும் குறையும். 1921இல் ஜாவாவில் யெஸ்வீட் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878 என்ற ரகம் காசூர் வழியில் இப்படி வந்ததே. பல நாடுகளில் அது பரவியது.

கோயம்புத்தூரில் குரோமோசோம் கணக்கைக் கையிலெடுத்தவர் தலச்சேரியில் பிறந்த ஈ.கே. ஜானகி அம்மாள். சென்னையில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டி.எஸ்சி. பெற்று, 1934இல் நிலையத்தில் சேர்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்தார். ஆனால் அவருடைய பணியில் நான் முதன்மையாகக் கருதுவது அந்த வியப்பூட்டும் கலப்பை அல்ல. பேய்க்கரும்பு ஒரே செடி அல்ல என்று காட்டியதைத்தான். இடத்துக்கு இடம் அதன் குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது. இன்று 40 முதல் 128 வரை பதிவாகியுள்ளது. அதாவது, கோ 205இன் கலப்பில் இறங்கியது அந்த இனத்தின் ஒரு சிறு துளி. 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குச் சென்ற ஜானகி அம்மாள் போர் மூண்டதால் இங்கிலாந்தில் தங்கினார். அங்கே சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு 1945இல் வெளியானது.

எண்ணியதை வண்ணத்தில் பிரித்துக் காட்டும் நுட்பம் வர 1990கள் ஆயின. தோந்த் குழுவினர் 1996இல் ரீயூனியன் தீவின் ஆர் 570 கரும்பில் இரு இனக் குரோமோசோம்களுக்கும் வெவ்வேறு ஒளிர்நிறம் ஏற்றினர். பத்தில் ஒரு பங்கு அளவு பேய்க்கரும்பினுடையவை; இன்னொரு பத்தில் ஒரு பங்கு இரண்டும் துண்டு மாறிக் கலந்தவை; மீதமெல்லாம் சீனிக்கரும்பு. அதே ரகத்தின் மரபணுத்தொகுதி 2024இல்தான் வாசிக்கப்பட்டது. மனிதரிடம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படி. கரும்பில் பத்தை ஒட்டிய படிகள், ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றே அல்ல. ஒரே நூலின் பத்துப் பதிப்புகளைக் கிழித்துக் கலந்து, ஒவ்வொரு பதிப்பையும் தனியே கோக்கும் வேலை அது. நெல்லுக்கு 20 ஆண்டு பிந்திக் கரும்பு வந்ததற்குக் காரணம் வேறில்லை.

கோ 205இன் பெருமையை ஒருவர் பெயரில் எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. இடம் கண்டு முறை வகுத்தவர் பார்பர். பல்லாண்டு ரகங்களைப் பெருக்கியவர் வெங்கட்ராமன். கணக்கை விளக்கியவர் பிரேமர். தந்தையின் விரிவைக் காட்டியவர் ஜானகி அம்மாள். நால்வரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

செவ்வழுகல் ஒழிந்துவிடவில்லை. 2009இல் வெளியாகி உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்த கோ 0238, பத்தாண்டுக்குப் பின் அதே நோய்க்கு ஆட்பட்டது. மீண்டும் ஒரே செடியின் படிகள், மீண்டும் அதே பூஞ்சை. அடுத்த எதிர்ப்புத்திறனைத் தேடுவோர் போக வேண்டிய இடம் ஓடைக்கரை. கரைகளுக்குச் சிமெண்டு பூசும் பொறியாளர்களே, நாணலை வாரி எறியும் முன் ஒரு தூரையாவது கோயம்புத்தூருக்கு அனுப்பி வையுங்கள்.