முத்திரையிட்ட குடுவையும் மீனவனின் மதியும்

'அல்ஃப் லைலா வ லைலா' எனும் ஆயிரத்தொரு இரவுக் கதைகளைக் கற்றறிந்தோர் பெரிதும் மதித்ததில்லை. ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) 'அல்ஃபிஹ்ரிஸ்த்' எனும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னுந் நதீம், இதன் மூலம் 'ஹஸார் அஃப்ஸான்' என்னும் பாரசீகக் கதைநூல் எனக் குறித்துவிட்டு, சுவையற்ற நூலென்றே தீர்ப்பளித்தார். எனினும் அதற்கு நூறாண்டுக்கு முன்பே அது வழக்கில் இருந்தது. நபியா அப்பாட் அம்மையார் 1949-இல் ஆராய்ந்து வெளியிட்ட, சிகாகோ பல்கலைக்கழகத்திலுள்ள காகிதத் துண்டொன்றில் இந்நூலின் தொடக்கப் பகுதி காணப்படுகிறது. அத்தாளில் பின்னர் எழுதப்பட்ட குறிப்புகள் ஹிஜ்ரி 266 (கி.பி. 879) எனத் தேதியிடப்பட்டுள்ளன. அறிஞர் ஒதுக்கியதை மக்கள் இத்துணைக் காலம் பேணியது ஏன்? மீனவன் கதை அதற்கு ஒரு விடை தருகிறது.

நாளொன்றுக்கு நான்கு முறை மட்டுமே வலை வீசும் ஏழை மீனவனுக்கு, நான்காம் வீச்சில் நபி சுலைமான் (அலை) அவர்களின் முத்திரையிட்ட குடுவை கிடைக்கிறது. திறந்ததும் புகையாய் எழுந்த ஜின், தன்னை விடுவித்தவனையே கொல்வதாகச் சூளுரைக்கிறது. நெடுங்காலம் அடைபட்டதன் சினத்தைக் குற்றமற்ற ஒருவன்மீது தீர்த்துக்கொள்ள முனைகிறது. வாளோ மந்திரமோ அறியாத மீனவன், தான் மனிதன் என்பதையும் தனக்கு அல்லாஹ் அறிவைத் தந்திருப்பதையும் எண்ணிப் பார்க்கிறான். இவ்வளவு பெரிய உடல் இச்சிறு குடுவையில் எவ்வாறு அடங்கியது என வினவுகிறான். மெய்ப்பிக்க உட்புகுந்த ஜின்னை அதே முத்திரை மூடியால் அடைத்துவிடுகிறான்.

இக்கருத்து மக்களுக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயத்தில் (27:38-40), ஸபஃ நாட்டரசியின் அரியணையைக் கொணர இஃப்ரீத் ஒருவன் தன் வலிமையை முன்வைக்கிறான். வேதத்தின் ஞானம் பெற்ற ஒருவரோ கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கொணர்ந்துவிடுகிறார். அவரை ஆஸிஃப் பின் பர்கியா என விரிவுரையாளர் பலர் கூறுவர். கதையின் ஜின்னும் தன்னைப் பிடித்தவர் என அப்பெயரையே சொல்கிறது.

ஆயினும் சூழ்ச்சியோடு கதை முடியவில்லை. குடுவையைக் கடலில் எறியப்போகும் மீனவன், யூனான் மன்னன் கதையைச் சொல்கிறான். தன் தொழுநோயைத் தீர்த்த மருத்துவர் தூபானை மன்னன் கொல்வித்தான். தூபான் விட்டுச்சென்ற நூலின் நஞ்சூறிய தாள்களைப் புரட்டி அவனும் மாண்டான். அங்கே அறிவு பழிவாங்குவதோடு நின்றது. மீனவனோ இறுதியில் ஜின்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு விடுவிக்கிறான். ஜின் காட்டிய ஏரியின் மீன்கள் அவனுக்கு வாழ்வு தந்ததோடு, பாதி உடல் கல்லான இளவரசனின் விடுதலைக்கும் வழிவகுத்தன. எதிரியை அடக்குவது மதிநுட்பம்; அடக்கியபின் என்ன செய்வதென அறிவதே ஹிக்மத்.

இதனைச் சொல்பவள் ஷஹ்ரஸாத். கேட்பவன், ஒருத்தியின் துரோகத்துக்காகப் பிற பெண்களைக் கொன்றுவரும் மன்னன். ஜின்னின் அநீதியும் அவனுடைய அநீதியும் ஒன்றே. அவனை வீழ்த்த அவள் நஞ்சையோ வாளையோ நாடவில்லை. அவன் தன்னையே காணுமாறு கதை சொன்னாள். 1835-ஆம் ஆண்டின் பூலாக் பதிப்பில் மன்னன் மனம் மாறுவதே முடிவு.

இன்று நம் பிள்ளைகள் அறிந்ததோ அலாவுத்தீனின் விளக்கை. பிரெஞ்சு மொழியாக்கத்தை 1704 முதல் வெளியிட்ட கலான், அக்கதையை 1709-இல் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாபின் வாய்மொழியாகக் கேட்டார். அவர் பயன்படுத்திய பழைய சிரியக் கையெழுத்துப் பிரதியில் அது இல்லை. மீனவன் கதை உண்டு. விளக்கைத் தேய்த்தவனுக்கு ஜின்னின் வலிமை ஏவலாள் ஆகிறது. அத்தகைய வலிமை கிட்டாதோர் ஏக்கத்திலோ சினத்திலோ வீழ்கின்றனர். நாம் வலிமை குன்றிய காலங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது, விளக்கேதும் இல்லாத அந்த மீனவனின் கதையே.