இழுத்தால் இறுகும் குழாய்

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஓஸைப் பார்த்திருப்பீர்கள். பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்தால் ஓஸ் உப்பும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நம் உடம்பில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் அப்படி இல்லை. உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் லேசாக விரியும். அப்புறம், என்னை யார் இழுத்தது என்று கோபித்துக்கொண்ட மாதிரி, முன்பு இருந்ததை விடவும் சுருங்கிக்கொள்ளும். சுவரைச் சுற்றி வளையம் வளையமாக இருக்கும் தசைச் செல்கள் செய்யும் வேலை இது.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என்னை இழுத்தது ஒரு கணக்குதான். 1840களில் புவாஸ்யே என்ற பிரெஞ்சு மருத்துவர், மெல்லிய குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று கண்டுபிடித்தார். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஆரம் 10 சதவீதம் குறைந்தால் ஓட்டம் 34 சதவீதம் குறைகிறது! பாதியாகச் சுருங்கினால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். இவ்வளவு பெரிய அதிகாரத்தை அந்தக் குட்டித் தசை கையில் வைத்திருக்கிறது.

அந்த அதிகாரம் தசைக்குச் சொந்தமா, மேலிடத்து உத்தரவா? சண்டை இங்கேதான் ஆரம்பம். 1851-ல் கிளாட் பெர்னார்ட் முயலின் கழுத்தில் ஒரு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சூடானது, ரத்தம் கூடுதலாகப் பாய்ந்தது. அன்றிலிருந்து நரம்புதான் எஜமான், குழாய் வெறும் சிப்பந்தி என்பது பொதுக் கருத்தாகிவிட்டது.

அதை உடைத்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த வில்லியம் பேலிஸ். (அப்பா இரும்புக் கதவு செய்து விற்ற பணக்காரர், பையனுக்கு வியாபாரம் பிடிக்கவில்லை. நம் டிபார்ட்மெண்டுக்கு ஒரு நஷ்டம்.) நாயின் பின்னங்காலுக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு உடம்பின் ரத்த அழுத்தத்தை உயர்த்தினார். கால் முதலில் உப்பியது, பிறகு பழைய அளவை விடவும் சிறுத்தது. இன்னொன்றும் செய்தார். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த கழுத்துத் தமனிக்குள் அழுத்தத்தை ஏற்ற, அது தானாகவே சுருங்கியது. மூளை இல்லை, நரம்பு இல்லை, வெறும் குழாய்! இழுவையைத் தசையே உணர்கிறது, தசையே பதில் சொல்கிறது என்று 1902-ல் எழுதினார். அதே வருடம்தான் மைத்துனர் ஸ்டார்லிங்கோடு சேர்ந்து செக்ரெட்டினையும் கண்டுபிடித்தார், அதாவது முதல் ஹார்மோன். ஒரே வருடத்தில் இரண்டு சிக்ஸர்.

ஆனால் பொதுஜனத்துக்கு அவர் பெயர் தெரிந்தது வேறு விஷயத்தால். 1903 பிப்ரவரியில் மாணவர்கள் முன்னால் ஒரு பழுப்பு நாயை வைத்துச் செய்முறை நடத்தினார். நாய்க்குச் சரியாக மயக்க மருந்து தரவில்லை என்று, அங்கே இருந்த ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் இருவர் எழுதினார்கள். ஸ்டீபன் கோல்ரிட்ஜ் அதை மேடையில் பேச, பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு 2,000 பவுன் நஷ்ட ஈடு வாங்கினார். அந்தப் பணத்தைத் தன் துறையின் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். 1906-ல் அந்த நாய்க்கு பேட்டர்சீயில் சிலை வைத்தார்கள், 1907-ல் மருத்துவ மாணவர்கள் சிலையை எதிர்த்துக் கலாட்டா செய்தார்கள், 1910-ல் சிலை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியை வழக்கின் தீர்ப்பு தீர்த்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அப்படிப்பட்ட நாய்களின் முதுகில்தான் நிற்கிறது.

குழாய்க்கு வருவோம். 1912-ல் ஆன்ரெப் ஒரு கொக்கி போட்டார். பேலிஸ் அழுத்தத்தை உயர்த்தியது வயிற்றில் உள்ள ஒரு நரம்பைத் தூண்டித்தான். அந்த நரம்பு அட்ரினல் சுரப்பிக்கும் போகிறதே, காலைச் சுருக்கியது அங்கிருந்து வந்த அட்ரினலினாக இருக்கலாமே? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு கேள்வியில் முழுக் கருத்தும் பரணில் ஏறிவிட்டது. 1924-ல் பேலிஸ் இறந்துபோனார். 1949-ல் ஸ்வீடனின் போர்ன் ஃபோல்கோவ், நரம்பு அறுத்த குழாய்களில் அழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, பேலிஸ் சொன்னது சரி என்று காட்டினார். 47 வருடம்!

அப்புறமும் ஒரு தர்க்கச் சிக்கல் இருந்தது. விலை ஏறும் என்று சரக்கைப் பதுக்குகிறோம், பதுக்கியதால் விலை இன்னும் ஏறுகிறது. அதே மாதிரி, அழுத்தம் ஏறி எல்லாக் குழாயும் சுருங்கினால் அழுத்தம் இன்னும் ஏறுமே, இது எங்கே போய் நிற்கும்? பதில் லாப்லாஸ் விதியில் இருக்கிறது. சுவரில் விழும் இழுவை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. குழாய் சுருங்கச் சுருங்க, உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தாலும் சுவரின் இழுவை குறைகிறது. செல் கவனிப்பது இழுவையை என்றால், போதும் என்ற இடத்தில் அது நின்றுவிடும்.

செல்லுக்குள் நடப்பது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. இழுபட்டதும் செல் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் வாசல்கள் திறக்கின்றன, உள்ளே வரும் கால்சியம் தசையை முறுக்குகிறது. ரத்த அழுத்தத்துக்குப் பலர் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை அடைப்பது இந்த வாசலைத்தான். ஆனால் இழுவையை முதலில் உணர்வது யார்? 2010-ல் பட்டபூட்டியனின் குழு பியஸோ என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது, 2021-ல் அவருக்கு நோபலும் கிடைத்தது. அப்பாடா என்று பார்த்தால், 2015-ல் எலிகளின் தசைச் செல்லில் பியஸோ1-ஐ நீக்கியும் குழாய் வழக்கம்போல இறுகியது. கெட்டுப்போனது வேறு வேலை. உயர் அழுத்தத்தில் நாள்கணக்கில் இருக்கும்போது குழாய்ச் சுவர் தன்னை மாற்றிக் கட்டிக்கொள்ளுமே, அதில் பியஸோவுக்குப் பங்கு இருந்தது.

இந்த 'மாற்றிக் கட்டுவது' சாதாரண விஷயம் இல்லை. பைபாஸ் செய்தவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். என் தாத்தாவுக்குக் கணுக்காலிலிருந்து தொடை வரை தையல் தழும்பு உண்டு. 1967-ல் கிளீவ்லாந்தில் ஃபவலோரோ பரவலாக்கிய முறை அது, கால் சிரையை எடுத்து இதயத்துக்கு மாற்றுப்பாதை போடுவது. சிரை பழகியிருப்பதோ ஐந்து, பத்து மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு. ஒரே நாளில் அதன் மேல் 100 விழுகிறது. தசைச் செல்கள் பெருகுகின்றன, சுவர் தடிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அலெக்ஸிஸ் கேரல் இந்தத் தடிப்பைப் பார்த்தார், சிரை தமனி மாதிரி ஆகிறது என்று. முதலில் அது தற்காப்புதான். எல்லை மீறினால் அந்தத் தடிப்பே பாதையை அடைக்கத் தொடங்கும். பத்து வருடத்தில் இப்படிப்பட்ட ஒட்டுகளில் ஏறக்குறைய பாதி பழுதாகிவிடுகின்றன. நெஞ்சுக்குள் ஓடும் தமனியை எடுத்து ஒட்டினால் அதிக நாள் தாங்குகிறது, அது ஏற்கெனவே அழுத்தத்துக்குப் பழகியது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சிரைக்கு வெளியே வலைச்சட்டை மாதிரி ஒன்றை மாட்டி, அது உப்பாமல் பிடித்துக்கொள்ளும் யோசனையும் வந்தது. 2022-ல் வெளியான பெரிய சோதனையில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்வீடனின் ஓரேப்ரோ நகர மருத்துவர்கள் 1990களில் இன்னும் எளிமையான வழி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். சிரையை உரித்துச் சுத்தம் செய்யாமல், சுற்றியிருக்கும் கொழுப்போடு அப்படியே எடுத்து வைப்பது. அந்தக் கொழுப்பே சிரைக்குப் பக்கபலமாக இருக்கிறது, அந்தச் சிரைகள் நீண்ட காலம் திறந்திருக்கின்றன என்பது அவர்கள் கணக்கு.