இனெட்_பிடான்: ‘பி’ எது, ‘என்’ எது?

சி மொழியில் நிரல் எழுதுவோர் ‘பிடான்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் இந்தச் செயற்கூற்றின் பெயர் நான்கு எழுத்துகளின் கோவை: பி, டி, ஓ, என். நடுவிலுள்ள ‘டிஓ’ ஆங்கில ‘டு’; இதிலிருந்து அதற்கு. ‘பி’ பிரசன்டேஷன், அதாவது மனிதர் படிக்கும் வடிவம். ‘என்’னுக்கு இரு விளக்கங்கள் உண்டு. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் தம் நூலில் ‘நியூமெரிக்’ என்கிறார். கையேடுகள் ‘நெட்வொர்க்’ என்கின்றன. எப்படிக் கொண்டாலும் பொருள் ஒன்றே: ‘127.0.0.1’ என்ற ஐபி முகவரியின் ஒன்பது எழுத்துச் சரம் நான்கு பைட்டாகச் சுருங்குகிறது. எதிர்த்திசைக்கு ‘என்டாப்’.

இவற்றின் மூத்த உறவினர் ‘ஏடான்’, ‘என்டோஏ’. அங்கே ‘ஏ’ ஆஸ்கி. அது எழுத்துக் குறியீட்டின் பெயர். ‘பி’யோ பயனைச் சொல்கிறது. என் கணிப்பில் ‘பி’யே பொருத்தமான தேர்வு.

மூத்தவை ஐபிவி4 மட்டுமே அறிந்தவை. ‘என்டோஏ’வுக்கு இன்னொரு குறையும் உண்டு: விடையைத் தனக்குள்ளேயே ஓர் இடத்தில் எழுதி, அந்த இடத்தையே சுட்டும். ஒரே ‘பிரிண்ட்எஃப்’பில் இருமுறை அழைத்தால் இரண்டு முகவரிகளும் ஒன்றாகவே அச்சாகும். ‘என்டாப்’ அப்படியல்ல, இடத்தை அழைப்பவரே தர வேண்டும். ஐபிவி4க்கு 16 பைட், ஐபிவி6க்கு 46.

1997இல் வெளியான ஆர்எஃப்சி 2133 என்ற ஆவணம் ‘பிடான்’, ‘என்டாப்’ இணையை விவரித்தது.

‘பிடான்’ வெற்றிக்கு 1, தவறான சரத்துக்கு 0, அறியாத முகவரிக் குடும்பத்துக்கு -1 தரும். ‘சுழியல்ல’ என்று மட்டும் பார்க்காதீர்கள். 1தானா என்று பாருங்கள்.