செல்ஃப் சுற்றும், வண்டி எடுக்காது

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில், நாமக்கல்லை எட்டுவதற்கு முன்னால் வருகிற ஒன்றியத் தலைமையூர் புதுச்சத்திரம். 7 என்று இருந்த சாலை எண் 2010இல் 44 ஆயிற்று; சாலையில் ஓடுவதென்னவோ அதே லாரிகள்தான். இந்தச் சமவெளியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தொழில் லாரியை நம்பி வளர்ந்தது, கார் அதன் நிழலில் பிழைத்தது. பதினைந்து, இருபது வயதான ஒரு கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அந்தப் பட்டறைகள் இன்று கைவிரிப்பதைப் பார்த்து, பழைய ஆட்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தொழிலின் வரலாறு அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. திருட்டைத் தடுக்கும் பூட்டு யார் கையில் இருந்தது, எப்போது கைமாறியது என்று பார்த்தால்தான் காரணம் புரியும்.

முதலில் லாரி. பழைய டீசல் எஞ்சினில் காற்று நசுங்கிச் சூடேறி எரிபொருளைப் பற்ற வைக்கும். பம்பும் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இயந்திரம்தான். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பேட்டரி வீக்கான வண்டியை ஓட்டுநர் மேட்டில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போவார். காலையில் உருட்டிவிட்டு கியரைப் போட்டால் எடுத்துக்கொள்ளும். செல்ஃப், டைனமோ, விளக்கு, ஹாரன் ஆகியவற்றோடு மின்சாரத்தின் வேலை முடிந்தது. அந்த ஒயரிங்கிலும் பெரும்பகுதி தொழிற்சாலையில் போட்டதல்ல. சேஸிஸ் மட்டும் கம்பெனியிலிருந்து வரும். கேபினும் பாடியும் நாமக்கல் பட்டறையில் ஏறும். விளக்குகளுக்கு ஒயர் இழுப்பவரும் உள்ளூர்க்காரர். ஒயர் எந்தச் சட்டத்துக்கு அடியில் ஓடுகிறது, எந்த மூலையில் உரசித் தோல் கிழியும் என்று போட்டவருக்கே தெரியும், வரைபடம் வேண்டியதில்லை. டெஸ்ட் லைட் என்றால் ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர்: ஒன்றை பாடியில் எர்த் வைத்து, மற்றதை ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனால், விளக்கு எங்கே அணைகிறதோ அதற்கும் முந்தைய இணைப்புக்கும் இடையில் கோளாறு. கருவியின் விலை அற்பம். வரிசை தவறாமல் தேடுகிற பழக்கம்தான் தொழிலே.

அம்பாசிடரும் ஃபியட்டும் வந்தபோது அதே பழக்கம் கொஞ்சம் நீண்டது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பாயின்ட், கண்டென்சர் என்று வரிசை கூடியது. காயில் ஒயரைக் கழற்றி எஞ்சின் பிளாக்குக்கு அருகே பிடித்துச் செல்ஃப் அடிப்பார்கள். பொறி நீலமாகத் தெறித்தால் மேலே போகலாம், மஞ்சளாக நொண்டினால் பாயின்ட்டை எமரி தாளில் தேய்க்க வேண்டும். திருட்டுக்கு எதிரான காப்பு இதே மின்பாதையில்தான் இருந்தது. சாவி செய்த வேலை பேட்டரியைக் காயிலோடு சேர்ப்பது மட்டும்; பின்னாலுள்ள ஒயர்களை முறுக்கிவிட்டால் சாவியே வேண்டாம். விஷயம் தெரிந்த உரிமையாளர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்சை மறைத்து வைத்தார்கள், அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள். (போர்க்காலத்தில், 1940இல், பகைவர் கையில் சிக்கினாலும் ஓடாதபடி காரை முடக்கிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று பிரிட்டனில் ஆணையே இருந்தது, அங்கும் கைகண்ட வழி ரோட்டாரைக் கழற்றுவதே.) இந்தக் காப்புகளின் ரகசியம் முழுவதும் வண்டிக்காரருடையது. சுவிட்ச் இருக்கும் இடத்தை அவரே மறந்தாலும் டெஸ்ட் லைட் காட்டிக்கொடுத்துவிடும்.

டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, கற்றுக்கொண்டார்கள். 2000ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகிக் கார்புரேட்டர் விடைபெற்று, எஞ்சின் கம்ப்யூட்டரோடு பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஸ்கேனர் வாங்கிப் பழுதுக் குறியீடு படிக்கப் பழகினார்கள். அறிவுக் குறைவு காரணம் என்றால் தொழில் அங்கேயே முறிந்திருக்க வேண்டும். முறித்தது இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத மின்பூட்டு. 1986இல் அமெரிக்காவின் கார்வெட் காரில் வந்த அதன் முன்னோடியில் சாவித்தண்டில் ஒரு ரெசிஸ்டர் பதித்திருந்தார்கள். மொத்தம் 15 அளவுகள்தான். மல்டிமீட்டர் வைத்திருப்பவர் அளந்து சொல்லிவிடலாம். அடுத்து வந்தது சாவித்தலைக்குள் பேட்டரியே இல்லாத சிறு சிப். பூட்டைச் சுற்றியுள்ள காயில் அதை எழுப்பும், அது தன் குறியீட்டைச் சொல்லும், கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒவ்வாவிட்டால் எரிபொருளையோ பொறியையோ நிறுத்திவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இந்தப் பூட்டு சாவியை ஏற்காதபோது செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் ஓரிரு நொடி பிடித்து அணையும், மீட்டரில் சாவி விளக்கு மின்னும். டெஸ்ட் லைட் வைத்த இடமெல்லாம் எரியும். கோளாறு எங்கே என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திறக்கும் குறியீடு தயாரிப்பாளரிடம். தெரிந்தும் சரிசெய்ய அனுமதி இல்லாத பழுது இந்தத் தொழிலுக்கு வந்தது இதுதான் முதல் முறை.

திருடனைத் தடுக்க வேறு வழி உண்டா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இம்மொபிலைசர் கட்டாயமானதால் நெதர்லாந்தில் கார் திருட்டு சுமார் 40 விழுக்காடு குறைந்தது என்று அங்குள்ள பொருளியல் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அமெரிக்காவில் அது இல்லாமல் விற்ற ஹூண்டாய், கியா கார்கள் 2021க்குப் பிறகு கூட்டங்கூட்டமாகத் திருடுபோயின. கட்டாய விதி இருந்த கனடாவில் அதே நிறுவனங்களின் கார்களில் அந்தப் பூட்டு இருந்தது. ஆகவே பூட்டு வேண்டாம் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் குறியீட்டு முறையை மூடி வைத்தால்தான் பாதுகாப்பு என்ற அடுத்த வாதம் அத்தனை வலுவாக இல்லை. கார் சாவிகளில் பரவலாக இருந்த 40 பிட் சிப் ஒன்றின் ரகசியத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2005இல் உடைத்துக் காட்டினார்கள். மாறாக, செல்லுபடியான இரண்டு சாவி கையில் இருந்தால் மூன்றாவதை உரிமையாளரே பதிந்துகொள்ளும்படி ஃபோர்டு பல மாடல்களில் வைத்தது. அதனால் அந்தப் பூட்டு பயனற்றுப் போய்விடவில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: பழைய காரின் ஸ்டார்டிங் பிரச்சினையெல்லாம் இம்மொபிலைசரா? இல்லை, பாதிக்கு மேல் அதன் தலையில் வீணாகச் சுமத்தப்படுவதுதான். நன்றாக இருக்கும் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே சரிந்தால் கம்ப்யூட்டரே தடுமாறலாம். அப்போது சாவிச் சோதனையும் தவறி விளக்கு மின்னும். எர்த் பட்டை பாடியோடு சேரும் இடத்தில் பச்சை பூத்திருந்தாலும் இதே நாடகம். அதைச் சுரண்டி இறுக்காமல் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்வது பணத்தைக் கிணற்றில் போடுவது. ஆக, லாரியில் பழகிய அந்த வரிசை இன்றும் முக்கால்வாசி தூரம் கொண்டு போகிறது. மீதித் தூரத்துக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

சாத்தியவர்கள் யார் என்பது பதிவாகியிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் போட்டியை நசுக்கியதாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போயிற்று. அதற்குள் நாமக்கல்லின் லாரியும் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்த பிறகு புதிய லாரிகளில் டீசல் பம்புக்குக் கட்டளை கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. பேட்டரி செத்தால் மேட்டிலிருந்து உருட்டிவிட்டும் பயனில்லை. புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல் தீர்ந்தால் எஞ்சின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்கிறது, சுமை எவ்வளவு இருந்தாலும்.